முட்டிக்குக் கீழே மரத்துப்போனால்

கேள்வி: கபடி ஆடும்போது வலது முட்டியில் ஜவ்வு அறுந்து, ஆறு வாரங்களுக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டேன். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. நரம்பை வெட்டிவிட்டார்கள், மறு ஆபரேஷன்தான் வழி என்கிறார் ஒருவர். உண்மையா?

பதில்: முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றிக்கொண்டு கட்டைவிரலையும் முன்பாதத்தையும் மேலே தூக்கிப் பாருங்கள். தூக்க முடிகிறதா? அப்படியானால் பயம் வேண்டாம்.

புது ஜவ்வுக்காகத் தொடையின் பின்புறத் தசைநாரை எடுக்க, முட்டிக்குக் கீழே உட்பக்கம் கீறுகிறோம். தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்புக் கிளை அந்த வழியாகத்தான் குறுக்கே ஓடுகிறது. அதன் பாதை ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு கவனித்தாலும் அடிபடலாம். அது தசையை இயக்கும் நரம்பு அல்ல. ஓட்டத்தையும் பாய்ச்சலையும் கெடுக்காது. மரத்த இடம் பல மாதங்களில் சுருங்கும்; சிறு திட்டு நிலைத்தும் விடலாம். இதற்கு மறு ஆபரேஷன் தேவையில்லை.

அப்படிச் சொன்னவர் யார்? மருத்துவமனை வாசலில் நின்று, பயந்த நோயாளியை வேறிடத்துக்கு அழைத்துப்போய்க் கமிஷன் வாங்கும் புரோக்கர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘நரம்புக்கு ஊசி, பத்து நாள் கோர்ஸ்’ என்பார்கள். பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் தரும் எண்ணெயைத் தேய்த்துச் சூடான ஒத்தடமும் கொடுக்காதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்து, கொப்புளத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

பாதத்தைத் தூக்க முடியாவிட்டால் கதையே வேறு. முட்டியின் வெளிப்பக்க எலும்பு முண்டுக்குக் கீழே, தோலை ஒட்டியே இன்னொரு நரம்பு ஓடுகிறது. பாதத்தைத் தூக்குவது அதுதான். இறுக்கிய கட்டோ பிரேஸோ அங்கே அழுத்தினாலும் அது செயலிழக்கும். நடக்கையில் விரல் தரையில் உரசும், செருப்பு கழன்று விழுவதே தெரியாது. இதில் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் என்றால், இரவானாலும் நர்ஸை எழுப்பிக் கட்டைத் தளர்த்தச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆபரேஷன் அன்று காலை, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு ஒப்புதல் என்று பெயரா? தமிழில் அச்சடிக்க எத்தனை ரூபாய் ஆகும்? உங்கள் மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.

இன்றைக்கே மரத்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்து, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது காட்டுங்கள். தழும்பைத் தட்டினால் கரண்ட் அடித்ததுபோல் சுள்ளென்று வலி ஓடினால், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.