எந்தப் பிரதி கடைசிப் பிரதி? கையேடு எழுதுவோருக்கான கேள்வி பதில்

சீனக்குடா, பராமரிப்புப் பிரிவு: அக்கா, எங்கட போல்டரில 'பம்ப் கையேடு இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி 2' எண்டு மூண்டு கிடக்கு. எதை நம்புறது?

ஒப்பிட்டுப் பார்க்கும் வரை எதையும் நம்பவேண்டாம் தம்பி. வேர்டில் ரிவியூ பகுதிக்குள் 'கம்பேர்' இருக்கிறது. இரண்டு கோப்பைக் கொடுத்தால் மாறிய இடங்களை நிறம்போட்டுக் காட்டும். சேமித்த திகதியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யாராவது பழைய கோப்பைத் திறந்து ஒரு இடைவெளி தட்டிச் சேமித்தாலே அது புதியதுபோல் மேலே வந்துவிடும். சரியானதைக் கண்டதும் 'பம்ப்-கையேடு_2025-03-14_2.0' என்று பெயர் வையுங்கள். ஆண்டு முன்னால் வந்தால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும்.

உப்புவெளி: எப்ப 2.1, எப்ப 3.0?

வாசிப்பவரின் கை செய்யும் வேலை மாறினால் முழு எண்ணைக் கூட்டுங்கள். வால்வுகளை மூடும் ஒழுங்கு மாறினால், திருத்தியது ஒரே வரி என்றாலும் 3.0தான். ஐம்பது பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தினாலும் 2.1 போதும்.

கிண்ணியா, மொழிபெயர்ப்பாளர்: அக்கா, ஆங்கிலக் கையேடு 3.0க்குப் போயிட்டுது. தமிழ் இன்னும் 2.0. சின்னத் திருத்தம் செய்துபோட்டு நேரே 3.0 எண்டு போடலாமா?

போடவேண்டாம் தங்கச்சி. ஆங்கிலத்தில் அழுத்தம் 3 பார் (bar என்ற அழுத்த அலகு) என்று குறைத்திருக்க, தமிழ்த் தாள் 3.0 என்ற எண்ணோடு 4 பார் என்று சொன்னால், தமிழில் வாசிக்கிற தொழிலாளிதான் மாட்டுப்படுவார். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியிலும் வேலை நடக்கும் நம் திருகோணமலையில் இது எங்கேயும் நடக்கலாம்.

முதல் பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள்: 'தமிழ்ப் பதிப்பு 2.1', 'மூலம்: ஆங்கிலப் பதிப்பு 2.0'. ஆங்கிலத் தாளின் எண்ணோடு ஒப்பிட்டால், மூலம் எவ்வளவு முன்னால் போய்விட்டது என்பது யாருக்கும் உடனே தெரியும். கீழே திருத்த அட்டவணை வேண்டும்: எண், திகதி, மாறியது என்ன, ஏன், யார் ஒப்புதல். 'சில திருத்தங்கள்' என்று எழுதினால் பயனில்லை, 'பிரிவு 4.2: அழுத்தம் 4 பாரிலிருந்து 3 பார்' என்று எழுதுங்கள். பாதுகாப்போடு தொடர்புள்ள மாற்றமென்றால் மூன்று மொழியும் தயாராகி ஒரே நாளில் வெளியே போகவேண்டும். அதுவரை அந்தப் பிரிவு மாறியதென்று மும்மொழியிலும் ஒரு அறிவித்தலை ஒட்டச் சொல்லுங்கள். இதில் மேலதிகாரியோடு வாதாடவேண்டி வந்தாலும் வாதாடுங்கள்.

நிலாவெளி, மாணவர்: கிட் பாவிக்கலாமா?

மார்க்டவுன் போன்ற வெறும் எழுத்துக் கோப்பென்றால் தாராளமாக. கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்; லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் (கெர்னல்) வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது அது. வரிக்கு வரி வித்தியாசம் காட்டும். வேர்ட் கோப்பு உள்ளே சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. கிட் அதைச் சேமித்து வைக்கும், ஆனால் எந்த வரி மாறியது என்று தானாகக் காட்டாது.

மூதூர்: கூகுள் டாக்ஸ் பழையதெல்லாம் வைச்சிருக்குதானே, எண் எதுக்கு?

அந்த வரலாறு கோப்பைத் திறக்கும் உங்களுக்குத்தான் தெரியும். அச்சுத்தாளோடு நிற்பவருக்குத் தெரியாது. வெளியிடும் பதிப்புக்கு அங்கேயே பெயரிட்டுவிட்டு, அதே எண்ணை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள்.

சீனக்குடா, அதே தம்பி: சுவரில ஒட்டின பழைய தாளுகள்?

எந்த இயந்திரத்தடியில் எந்தப் பிரதி இருக்கிறதென்று ஒரு பதிவேடு வையுங்கள். புதியதை ஒட்டும் கையாலேயே பழையதைக் கழற்றி, பதிவேட்டில் ஒப்பமிடவேண்டும். தர முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 9001:2015இன் 7.5.3ஆம் பிரிவும் ஆவண மாற்றங்களைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்கிறது. பழையதில் ஒரு பிரதியை மட்டும் 'பாவனையில் இல்லை' என்று முத்திரை குத்தி அலுவலகத்தில் வையுங்கள்; ஒரு விபத்தை விசாரிக்கும்போது அன்று எந்தப் பதிப்பு நடைமுறையில் இருந்ததென்று கேட்பார்கள்.