ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உண்டா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கில இலக்கண நூல், பெயர்ச்சொற்களுக்கு நாமினேட்டிவ், அக்யூசட்டிவ், டேட்டிவ், பொசெசிவ் என நான்கு வேற்றுமைகள் உண்டு என்கிறது. ஆனால், சொல்லில் மாற்றமே தெரியவில்லை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் கவனித்தது சரியே. அந்தப் பட்டியல் லத்தீன் இலக்கணத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் கல்லைக் குறித்த 'ஸ்டான்' என்ற சொல், உடைமைப் பொருளில் 'ஸ்டானெஸ்' என்றும், நான்காம் வேற்றுமையில் (டேட்டிவ்) 'ஸ்டானெ' என்றும் திரிந்தது. அத்திரிபுகளில் இன்று பெயர்ச்சொல்லில் எஞ்சியிருப்பது, 'கண்ணன்ஸ் புக்' என்பதில் ஒலிக்கும் 'ஸ்' மட்டுமே.

தமிழில் 'கண்ணன் முருகனை அடித்தான்' என்பதை 'முருகனைக் கண்ணன் அடித்தான்' என்று மாற்றினாலும், அடி வாங்கியவன் முருகன்தான். 'ஐ' உருபு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். 'கண்ணன் ஹிட் முருகன்' என்பதிலோ இரு பெயர்களையும் இடம் மாற்றினால் அடித்தவனே மாறிவிடுகிறான். உருபு செய்த வேலையை ஆங்கிலத்தில் சொல்லின் இடம் செய்கிறது.

ஐயம் வரும்போது பெயரை எடுத்துவிட்டு, அங்கே பிரதிப்பெயரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஹீ' பொருந்தினால் எழுவாய். 'ஹிம்' பொருந்தினால் செயப்படுபொருள். 'ஹிஸ்' பொருந்தினால் உடைமை. இரண்டாம் வேற்றுமைக்கும் (அக்யூசட்டிவ்) நான்காம் வேற்றுமைக்கும் 'ஹிம்' ஒன்றே என்பதால், அவ்விரண்டையும் வடிவத்தால் பிரிக்க முடியாது. 'கண்ணன் கேவ் முருகன் எ புக்' என்பதில் பெறுபவன் முருகன் என்பதைப் பொருளால்தான் அறிய வேண்டும். பெண் பெயரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். 'ஹெர்' என்பது செயப்படுபொருளுக்கும் உடைமைக்கும் பொதுவாக நின்று குழப்பும்.

தமிழ் உருபை அப்படியே ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்வதே நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம். 'முருகனுக்குப் பசிக்கிறது' என்பதில் 'கு' இருந்தாலும், 'முருகன் இஸ் ஹங்க்ரி' என்பதில் அவன் எழுவாய். 'முருகனிடம் கேட்டான்' என்பதிலுள்ள 'இடம்' என்ற உருபுக்கு ஈடு தேடிப் பலர் 'ஆஸ்க்ட் டு முருகன்' என எழுதுகிறார்கள். 'ஆஸ்க்ட் முருகன்' என்பதே போதும்.

உடைமையில் காதுக்குத் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. 'பாய்ஸ் ரூம்' என்பதில் மேற்கொடி (அபாஸ்ட்ரஃபி) 'ஸ்' எழுத்துக்கு முன்னால் நின்றால் ஒரு பையனின் அறை. பின்னால் நின்றால் பல பையன்களின் அறை. 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' மட்டும் பிரதிப்பெயர் என்பதால், 'ஹிஸ்' போலவே மேற்கொடி இல்லாமல் எழுதப்படும்.