வாசகர் கேள்வி: முஃபிதா த்லாத்லியிலிருந்து தொடங்குங்கள்

ஆப்பிரிக்கப் பெண் இயக்குநர் ஒருவரின் படம் பார்க்க ஆசை. நீண்ட பட்டியல் வேண்டாம், ஒருவர் பெயர் போதும்.
– வாசகி, திண்டுக்கல்

துனீசியாவின் முஃபிதா த்லாத்லி. இயக்கிய முழுநீளப் படங்கள் மூன்றே, ஆகவே பட்டியல் பயம் வேண்டாம்.

1947இல் சிதி பூ சயீதில் பிறந்தவர். பாரிஸில் படத்தொகுப்பு படித்து, எழுபதுகளில் ஊர் திரும்பி, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிறருடைய படங்களுக்கு எடிட்டராக இருந்தார். அல்ஜீரிய இயக்குநர் மெர்சாக் அல்லூவாஷின் 'ஓமர் கத்லாத்தோ', துனீசியரான ஃபெரித் பூகெதிரின் 'ஹல்ஃபாவீன்' எல்லாம் அவர் கைபட்டவை. நோயுற்ற தாயைக் கவனிக்க வேலையிலிருந்து ஒதுங்கியிருந்த காலத்தில், அம்மாவின் வாழ்க்கை தமக்குத் தெரியவே தெரியாது என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து வந்ததுதான் 'அரண்மனையின் மௌனங்கள்' (1994).

கதை ஐம்பதுகளில், பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் நடக்கிறது. இளவரசர் வீட்டுப் பணிப்பெண் கதீஜாவின் மகள் ஆலியா. அப்பா யார் என்பதை அம்மா கடைசிவரை சொல்வதில்லை. அரண்மனை என்றதும் தூண்களையும் விளக்குகளையும் எதிர்பார்க்காதீர்கள். படம் பெரும்பாலும் அடுக்களையில்தான் இருக்கிறது. பெண்கள் கூட்டமாகச் சமைக்கிறார்கள், துணி தேய்க்கிறார்கள், பாடுகிறார்கள். ஊரில் கலவரம் என்ற செய்தி ரேடியோ வழியாகத்தான் அவர்களுக்கு வருகிறது. உச்சக்கட்டத்தில் மேலே ஆலியா பாடுகிறாள், கீழே அம்மா துடிக்கிறாள். இந்த இரண்டையும் மாறி மாறி வெட்டியிருக்கும் விதம் தேர்ந்த எடிட்டருக்குத்தான் வாய்க்கும். இதற்கு மேல் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

சிறுவயது ஆலியாவாக வரும் ஹிந்த் சப்ரிக்கு இதுதான் முதல் படம். பிறகு அரபு சினிமாவின் பெரிய நட்சத்திரமானார். துனீசியாவின் கார்த்தேஜ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்க தானித், பிரான்சின் கான் விழாவில் அறிமுக இயக்குநர்களுக்கான விருதில் சிறப்புக் குறிப்பு என்று படத்துக்கு விருதுகளும் வந்தன.

அடுத்த படங்கள் எப்படி?
– அதே வாசகி

'ஆண்களின் பருவம்' (2000) பாருங்கள். துனீசியாவின் ஜெர்பா தீவில் கணவன்மார் ஆண்டுக்குப் பதினொரு மாதம் தலைநகர் துனிஸில் வியாபாரம் பார்க்கிறார்கள், ஒரு மாதம் வீடு திரும்புகிறார்கள். மற்ற மாதங்களில் மாமியார் ஆட்சி! ஆயிஷாவுக்குக் கணவன் போடும் நிபந்தனை: ஆண் பிள்ளை பெற்றால் துனிஸுக்கு அழைத்துப் போகிறேன். பிள்ளையும் பிறக்கிறான், ஆட்டிசத்தோடு. முதல் படத்தின் இறுக்கம் இதில் இல்லை. முன்னும் பின்னுமாகத் தாவும் காலம் சில இடங்களில் குழப்பும்.

துனீசியாவில் 2011 ஜனவரிப் புரட்சிக்குப் பின் த்லாத்லி சில நாட்கள் கலாசார அமைச்சராகவும் இருந்தார். 2021 பிப்ரவரியில் கொரோனாவால் காலமானார்.