பிஎச்.டி. விண்ணப்பத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? பொதுக் கொள்கை, சர்வதேச உறவுகள் படிக்க நினைப்பவர்களுக்கு

"என் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) இவ்வளவு, ஜிஆர்இ (நுழைவுத் தேர்வு) இவ்வளவு. எந்த யுனிவர்சிட்டி கிடைக்கும்?" பொதுக் கொள்கையிலோ சர்வதேச உறவுகளிலோ பிஎச்.டி. பண்ண விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். முதுகலைக்கு இது சரியான கேள்வி. பிஎச்.டி.க்கு இதை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

முதுகலையில் பணம் கட்டுவது நீங்கள். பிஎச்.டி.யில், குறிப்பாக அமெரிக்காவில், செலவு செய்வது பெரும்பாலும் பல்கலைக்கழகம். ஐந்தாறு வருடத்துக்குக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் ஸ்டைபண்ட் எனப்படும் உதவித்தொகை, அதற்கும் மேலாக ஒரு பேராசிரியரின் நேரம். இவ்வளவையும் கொடுக்கப்போகிற சேர்க்கைக் குழு, நீங்கள் நன்றாகப் படித்தவரா என்பதோடு நிற்காது. இவர் சொந்தமாக ஓர் ஆய்வைச் செய்து முடிப்பாரா, இங்கே யாருடைய மாணவராக இருப்பார் என்று பார்க்கும். அதனால்தான் ஒரே பள்ளியின் (பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் கல்லூரி மாதிரி) முதுகலைப் படிப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் சேரும்போது பிஎச்.டி.யில் ஒரு கைப்பிடி பேர் மட்டும் சேர்கிறார்கள். அங்கே முதுகலை கிடைத்ததால் பிஎச்.டி.யும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

உங்கள் பலத்தை எடைபோடுவதற்கு முன்னால், எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே படிப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் அரசியல் அறிவியல் துறைக்குள் சர்வதேச உறவுகளைச் சிறப்புப் பாடமாக எடுப்பது ஒரு வழி. கோட்பாடு, ஆய்வு முறை, பேராசிரியர் வேலைக்கான தயாரிப்பு எல்லாம் அங்கே கடுமையாக இருக்கும். ஹார்வர்ட் கென்னடி பள்ளி, சிகாகோவின் ஹாரிஸ் பள்ளி போன்றவற்றின் பொதுக் கொள்கை பிஎச்.டி. வேறு வழி. அதில் பொருளாதாரத்துக்கும் புள்ளியியலுக்கும் பெரிய இடம் உண்டு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃப்ளெட்சர், ஜான்ஸ் ஹாப்கின்ஸின் சாய்ஸ் போன்ற சர்வதேச விவகாரப் பள்ளிகள் மூன்றாவது வழி. வரலாறு, சட்டம், பிராந்திய அறிவு ஆகியவற்றுக்கு அங்கே இடம் அதிகம், கள அனுபவத்தையும் மதிப்பார்கள். பிரிட்டனில் நடைமுறையே வேறு. முதுகலை முடித்துவிட்டு, கையில் ஆய்வுத் திட்டத்தோடு போக வேண்டும், மூன்று நான்கு வருடத்தில் முடிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டிலோ எல்எஸ்இயிலோ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) உங்கள் தலைப்பை எடுத்து வழிநடத்த ஆள் இல்லையென்றால் மற்ற எதுவும் கைகொடுக்காது.

ஒரு வழியில் பலவீனமாகத் தெரியும் அதே ஆள் இன்னொரு வழியில் பலமானவராக இருக்கலாம். எலினோர் ஆஸ்ட்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். போதுமான கணிதம் படிக்கவில்லை என்ற காரணத்தால் பொருளாதார பிஎச்.டி.யில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில், கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏவில், அரசியல் அறிவியலில் சேர்ந்து 1965ல் பட்டம் பெற்றார். காடு, நீர், மீன்வளம் போன்ற பொதுச் சொத்துகளை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்ற ஆய்வுக்காக 2009ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. கணிதம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓர் இடத்தில் இல்லை என்று சொன்னது அந்த இடத்துக்கான பதில் மட்டுமே.

மதிப்பெண் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். மொத்த ஜிபிஏவை விட எந்தப் பாடத்தில் என்ன வாங்கினீர்கள் என்பதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். புள்ளியியல், பொருளாதாரம், ஆய்வு முறை, ஆய்வேடு ஆகியவற்றில் நல்ல மதிப்பெண் இருந்தால், முதல் வருடத்தில் சறுக்கியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜிஆர்இயைப் பல துறைகள் 2020க்குப் பிறகு கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டன. ஆனாலும் பொருளாதாரம் தூக்கலாக உள்ள கொள்கைப் படிப்புக்கு, நீங்கள் கணிதம் அதிகம் படிக்காதவர் என்றால், ஜிஆர்இயின் கணிதப் பகுதியான குவான்ட்டில் நல்ல மதிப்பெண் ஒரு சான்றாக உதவும். விண்ணப்பக் கோப்பின் மற்ற பகுதி காலியாக இருந்தால் 170க்கு 170 வாங்கியும் பயன் இல்லை.

பரிந்துரைக் கடிதம்தான் பலர் தங்களைத் தவறாக எடைபோடும் இடம். பெரிய பதவியில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால் பலம் என்று நினைக்கிறார்கள். ஓய்வு பெற்ற தூதர், அமைச்சகச் செயலாளர், நிறுவனத்தின் தலைவர் என்று தேடிப் போகிறார்கள். அவர்கள் எழுதுவது என்ன? கடுமையாக உழைப்பவர், பொறுப்பானவர், எல்லோரிடமும் நன்றாகப் பழகுவார். இந்த வரிகள் எல்லாக் கோப்பிலும் இருக்கின்றன. குழு தேடுவது, உங்கள் ஆய்வேட்டின் வரைவுகளை வரிக்கு வரி படித்த ஓர் இளம் உதவிப் பேராசிரியர் எழுதும் கடிதத்தை: "இவருடைய முதல் கருதுகோள் தரவோடு பொருந்தவில்லை. அதை மூடி மறைக்காமல், ஏன் பொருந்தவில்லை என்று தேடிப் போனார், அங்கேதான் நல்ல கேள்வி கிடைத்தது." இப்படி ஒரு பத்தி இருந்தால் எழுதியவரின் பதவி பின்னுக்குப் போய்விடும்.

ஆகவே மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவரும் நீங்கள் எழுதிய எதையாவது முழுசாகப் படித்திருக்கிறாரா? உங்கள் சிவியைப் பார்க்காமல் உங்கள் ஆய்வைப் பற்றி ஒரு பக்கம் எழுத அவரால் முடியுமா? அவருடைய மாணவர்கள் யாராவது பிஎச்.டி.க்குப் போயிருக்கிறார்களா, உங்களை ஒப்பிட்டுச் சொல்ல? மூன்று பேரில் இரண்டு பேருக்காவது ஆம் என்று வரவில்லை என்றால், உங்கள் கோப்பின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். இதை ஒரு வாரத்தில் அடைக்க முடியாது, ஒரு வருடத்தில் முடியும். கல்லூரியை விட்டு ஐந்தாறு வருடம் ஆகிவிட்டதா? பழைய பேராசிரியருக்கு சிவி அனுப்பிக் கடிதம் கேட்காதீர்கள். அவரிடம் படித்தபோது எழுதிய கட்டுரையைத் திருத்தி, வளர்த்து அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். கடிதத்தைப் பற்றிய பேச்சு அப்புறம் வரட்டும்.

அடுத்து, ஆய்வுக் கேள்வி. நோக்க அறிக்கைகள், அதாவது ஏன் படிக்க வருகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரைகள், பெரும்பாலும் விழுவது இங்கேதான். "எனக்கு நதிநீர்ப் பிரச்சினைகளில் ஆர்வம்" என்பது தலைப்பு. அதில் கேள்வி இல்லை. ஒரு படி இறங்கிப் பாருங்கள். சிந்து நதி ஒப்பந்தம் 1960ல் கையெழுத்தானது. 1965, 1971, 1999 என்று மூன்று போர்களைத் தாண்டி அது நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. போர் நடந்தபோதே உடையாத ஒப்பந்தம், ஏன் அப்போது ஆட்டம் கண்டது? எல்லா நதி ஒப்பந்தமும் இப்படித்தானா? நான்கு நாடுகள் சேர்ந்து 1995ல் போட்ட மீகாங் ஒப்பந்தமும், இஸ்ரேல்–ஜோர்டான் 1994 சமாதான உடன்படிக்கையின் நீர்ப் பங்கீட்டுப் பகுதியும் என்ன காட்டுகின்றன? தண்ணீரை ஆண்டுதோறும் பேசிப் பங்கிடுவது நிலைக்கிறதா, சிந்து ஒப்பந்தம் செய்ததுபோல ஆறுகளையே பிரித்துக்கொள்வது நிலைக்கிறதா? இப்போது கையில் ஒரு புதிர் இருக்கிறது, ஒப்பிட வேறு ஒப்பந்தங்கள் இருக்கின்றன, தவறாகிப்போகக்கூடிய ஒரு விடையும் இருக்கிறது. தரவு எங்கே என்றால், ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் எல்லை தாண்டும் நதிகள் பற்றிய ஒப்பந்தங்களைத் தொகுத்தே வைத்திருக்கிறது. இந்த அளவுக்கு நீங்கள் யோசித்திருப்பது இரண்டு பத்தியில் தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு தலைப்பை மாற்றலாம், நிறையப் பேர் மாற்றுகிறார்கள். குழு பார்ப்பது உங்கள் யோசிக்கும் விதத்தை.

சிறுவயதிலிருந்தே ராஜதந்திரத்தில் ஆர்வம், நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை என்று தொடங்கும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆசை உண்மையானது, சந்தேகமே இல்லை. ஆனால் அது இரண்டு வருட எம்பிபி, எம்பிஏ ரகக் கொள்கைப் படிப்புகளுக்கான அறிக்கை (எம்பிபி பொதுக் கொள்கை முதுகலை; இந்த எம்பிஏ பொது நிர்வாகத்தைக் குறிக்கும், வணிக நிர்வாகத்தை அல்ல). அமைச்சகத்திலோ சர்வதேச அமைப்பிலோ வேலை செய்வதுதான் உங்கள் இலக்கு என்றால், பெரும்பாலும் அந்தப் படிப்பே போதும். பிஎச்.டி.க்குச் செலவாகும் வருடங்களில் நீங்கள் அங்கே வேலையில் சேர்ந்து அடுத்த பதவிக்கே போயிருப்பீர்கள். இதைக் கேட்டு ஏமாற்றம் அடைகிறவர்களை விட நிம்மதி அடைகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேலை அனுபவமும் இதே மாதிரிதான். சிந்தனைக் குழாமிலோ தொண்டு நிறுவனத்திலோ நான்கு வருடம் இருந்தேன் என்பது தன்னளவில் மதிப்பெண் தராது. அகதிகள் முகாமில் வேலை பார்த்தபோது, ஒரே விதி இரண்டு முகாம்களில் இரண்டு விதமாக அமலானதைப் பார்த்து, அந்த வித்தியாசத்தைத் துருவ ஆரம்பித்தீர்கள் என்றால், அப்போது அந்த அனுபவம் பெரிய பலம்.

ஆய்வு முறையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். உங்கள் துறையின் முதல்தர இதழ் ஒன்றில், இன்டர்நேஷனல் ஆர்கனைசேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையை எடுங்கள். பல கட்டுரைகளின் தரவும் நிரலும் ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இறக்கி, ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டி, அதே அட்டவணை வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மாறியை எடுத்துவிட்டு, அல்லது ஆண்டுகளைக் குறைத்து ஓட்டுங்கள். முடிவு மாறினால் ஏன் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் பல அரசியல் அறிவியல் துறைகளுக்கு உங்கள் அடித்தளம் போதும். கட்டுரையின் முறைப் பகுதியே புரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், புள்ளியியலில் ஒரு முறையான பாடம் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். பொருளாதாரம் சார்ந்த கொள்கைப் படிப்புக்கு என்றால் இன்னும் மேலே, நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் மதிப்பெண் பட்டியலில் இருப்பது நல்லது. ஆவணக் காப்பகமோ நேர்காணலோதான் உங்கள் வழி என்றால், எந்த மொழி தெரியும், எந்த ஆவணத்தை ஏற்கெனவே தொட்டிருக்கிறீர்கள் என்பது இதே இடத்தை நிரப்பும்.

துறையின் இணையப் பக்கத்தில் பேராசிரியர் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். இப்போது படிக்கிற மாணவர்களின் சிவிகளைப் படியுங்கள். பலர் முதுகலைக்கோ ப்ரீடாக் எனப்படும் ஆய்வு உதவியாளர் வேலைக்கோ பிறகு வந்தவர்களாக இருப்பார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் எத்தனை வருட வேலை என்று அப்போது தெரியும். பட்டம் முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்ற பக்கத்தையும் பாருங்கள். அந்தப் பக்கமே இல்லாத துறையிடம் நேரடியாகக் கேளுங்கள். உங்கள் தலைப்பில் ஒரே ஒரு பேராசிரியர் இருந்து, அவரும் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த இடத்தை உங்கள் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

சேர்க்கை விகிதத்தைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். நூற்றுக்கு ஐந்து பேரைத்தான் எடுக்கிறார்கள் என்றால், இருபது இடத்துக்கு விண்ணப்பித்தால் ஒன்று நிச்சயம் என்று சிலர் கணக்கிடுகிறார்கள். சீட்டுக் குலுக்கலில்கூட அந்தக் கணக்கு சரிவராது, இது குலுக்கலும் இல்லை. உங்கள் கேள்விக்கு ஆளே இல்லாத துறையில் உங்கள் வாய்ப்பு பூஜ்யம், பொருந்துகிற துறையில் அந்த ஐந்தை விட மிக அதிகம். பொருத்தம் பார்த்து எட்டு பத்து இடம் போதும். அதே நேரத்தில், 2025ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நிதிச் சிக்கலால் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன, சில துறைகள் சேர்க்கையையே நிறுத்திவைத்தன. இந்தக் காலத்தில் வரும் ஒரு மறுப்பை உங்கள் தரத்துக்கான தீர்ப்பாக வாசிக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இன்னும் ஆறு வருடம் படிக்கப் போகிறானே, போகிறாளே என்ற கவலை நியாயமானதுதான். நீங்கள் கேட்க வேண்டியது நிதி பற்றி: எத்தனை வருடத்துக்கு உத்தரவாதம், கோடை மாதங்களுக்கும் ஸ்டைபண்ட் உண்டா, மருத்துவக் காப்பீடு யார் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் நிதி இல்லாமல் பிஎச்.டி. இடம் கொடுத்தால், கடன் வாங்கிச் சேர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பிரிட்டனில் இடமும் உதவித்தொகையும் தனித்தனி முடிவுகள். இடம் கிடைத்து உதவித்தொகை கிடைக்காமல் போவது அங்கே சகஜம், அது பிள்ளையின் தகுதிக் குறைவு இல்லை.

அமெரிக்கக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வரும், முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில். நிதியோடு வரும் இடத்துக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுப்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட வழக்கம், அதற்கு முன் யாராவது அவசரப்படுத்தினால் தயங்காமல் அந்தத் தேதியை நினைவூட்டுங்கள். எல்லா இடத்திலும் இல்லை என்று வந்தால், மறு வருடம் அதே கோப்பை அனுப்பாதீர்கள். இடையில் ஒரு புதிய கடிதமோ, முடித்த ஒரு கட்டுரையோ, ஒரு புள்ளியியல் பாடமோ சேர்ந்திருந்தால் மட்டும் மறுபடி விண்ணப்பியுங்கள். அப்படி எதுவும் சேரவில்லை என்றால் இன்னொரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள்.