மீன் தோலில் பாக்டீரியா: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறேன். எடை பார்க்க வலை போட்டேன், நாலைந்து நாளில் சில மீன்களுக்குச் செதில் உதிர்ந்து சிவப்பாகப் புண். தோலில் பாக்டீரியா இருக்கிறதாம், பர்மாங்கனேட் (கிருமி கொல்லும் ஊதா மருந்து) கரைத்து ஊற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். மீன் தோலில் பாக்டீரியா இருப்பது நோயே இல்லை. நம் தோலுக்கு மேலே செத்த செல்கள் ஓர் அடுக்காக நின்று காப்பாற்றுகின்றன, கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அப்படி எதுவும் கிடையாது, செதிலுக்கு மேலேயே உயிருள்ள மெல்லிய தோல், அதன் மேல் கோழை, அவ்வளவுதான். அந்தக் கோழையில் பல வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தண்ணீரில் இருப்பதெல்லாம் அங்கே தங்கிவிட முடியாது, கோழையிலுள்ள லைசோசைம் போன்ற பொருட்கள் பலவற்றைக் கொன்றுவிடும். தங்கியவை இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதால் நோய்க்கிருமி எளிதில் காலூன்ற முடியாது.

புண் உண்டாக்கும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா உங்கள் குளத்தில் எப்போதும் இருக்கும். கோழை வழித்துப்போன இடம் கிடைத்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். வலை அழுத்திய இடத்தைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுப்பு போய்ச் சொரசொரவென்று இருக்கும், புண்ணும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அமெரிக்காவில் வளர்ப்புக் கெளுத்தி மீன்களுக்குப் பர்மாங்கனேட் கொடுத்துப் பார்த்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது: தோலிலிருந்த பாக்டீரியாக் கூட்டம் மாறிப்போய், தோலையும் செவுளையும் அரிக்கும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய் அந்த மீன்களை இன்னும் சுலபமாகப் பிடித்தது. நல்லதையும் சேர்த்தே அழிக்கிற மருந்து அது.

அப்புறம் என்ன செய்வது? முடிச்சில்லாத மென்மையான வலை, ஈரக் கை, முந்தின நாள் தீனி நிறுத்தம், வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது, இவற்றிலேயே பாதி சரியாகும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா என்றும் பாருங்கள், ஆக்சிஜன் குறைந்து தவிக்கிற மீனுக்குக் கோழையும் கெடும், அதிலுள்ள நல்ல பாக்டீரியாவும் குறையும். pH பார்க்காமல் சுண்ணாம்பு போட வேண்டாம். புண் குழியாக ஆழமானால் பூஞ்சையாகவும் இருக்கலாம், நோயுற்ற மீனை உயிரோடு மீன்வளத்துறை ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். அதுவரை ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடவே போடாதீர்கள்.

கேள்வி: இந்தக் கிருமிகள் எங்கள் கைக்கு ஒட்டுமா? (வேலந்தாவளம் வாசகி)

பதில்: கையில் காயம் இருந்தால் ஒட்டலாம், கையுறை போடுங்கள் அம்மா. மீனைக் கையாண்ட பிறகு விரலில் கட்டி வந்து வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், மீன் வேலை செய்வதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மீன் கிருமி அப்படிச் செய்யும், சொன்னால்தான் அதற்கான பரிசோதனை எழுதுவார்.