அடித்த காசுக்கு யார் மாற்று பார்ப்பது?

புதுக் காசு அடித்ததும் அதன் தரத்தை யார் சோதிப்பார்கள், அதுவரை எங்கே பூட்டி வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காசு அடிக்கும் அக்கசாலைக்குள்ளேயே எடை, அளவு எல்லாம் பார்ப்பார்கள்தான். ஆனால் அடித்தவர்களே 'சரியாக இருக்கிறது' என்று சொன்னால் போதுமா? இதற்கு இங்கிலாந்தில் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையே சொல்கிறேன்.

அடிக்கும் காசுகளில் சிலவற்றை அவ்வப்போது, தேர்ந்து பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி எடுத்துப் பொட்டலம் கட்டி ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். பெட்டிக்குப் பெயர் பிக்ஸ். வருடத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து விசாரணை நடக்கும், 1282லிருந்து இருக்கும் வழக்கம் இது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விசாரணை: நீதிபதி வந்து பொற்கொல்லர் சங்கத்து ஜூரிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கிறார். லண்டனில் அந்தச் சங்கத்தின் மண்டபத்தில் ஜூரிகள் வரிசையாக உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து, எண்ணி, ஒரு காசைச் செம்புக் கிண்ணத்திலும் மிச்சத்தை மரக் கிண்ணத்திலும் போடுவார்கள். மரக் கிண்ணத்துக் காசுகள் எடை பார்க்க, செம்புக் கிண்ணத்துக் காசு உலோகத்தைச் சோதிக்க. தீர்ப்பு வரச் சில மாதங்கள் ஆகும்.

தங்கத்துக்கு மாற்று, அதாவது அது எவ்வளவு சுத்தம் என்று, பார்க்கும் பழைய முறையையும் சொல்லிவிடுகிறேன். தங்கத் துணுக்கோடு வெள்ளி சேர்த்து, ஈயத்தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலையில் ஏற்றினால் ஈயம் உருகி, செம்பு போன்ற மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள்ளேயே ஊறிப் போய்விடும். மிஞ்சும் மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துவிடும், நிற்பது தங்கம் மட்டும். அதை நிறுத்தால் கணக்கு தெரிந்துவிடும்.

பாதுகாப்பு என்றால், பெட்டிகள் முன்பு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிக்ஸ் அறை என்ற கல் அறையில் இருந்தன. அதே வளாகத்தில் வைத்திருந்த அரசரின் கருவூலம் 1303இல் கொள்ளை போனது. இன்றும் அந்த அறை வாசலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கனத்த கதவுகள் இருக்கின்றன.

அப்புறம், இந்த விசாரணையில் மாட்டியவர் ஐசக் நியூட்டன்! 1710இல் அவர் அக்கசாலைத் தலைவர். தங்கக் காசு மாற்றுக் குறைவு என்று ஜூரிகள் சொல்லிவிட்டார்கள். அவர் விடவில்லை, காசை ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோலாக வைத்திருந்த 1707ஆம் ஆண்டுத் தங்கத் தகட்டில்தான் தங்கம் கூடுதலாக இருக்கிறது, அதனால்தான் காசு குறைவாகத் தெரிகிறது என்று வாதாடினார். கடைசியில் அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு 1688இன் பழைய தகட்டுக்கே திரும்பினார்கள்.