வயிற்றைத் திறக்காமலே ரத்தக்கசிவை நிறுத்த முடியுமா?

பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த தம்பிக்கு மண்ணீரலில் ரத்தக்கசிவு. வயிற்றைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான்.

ரத்த அழுத்தம் நிலையாக இருந்ததால்தான் சிடி ஸ்கேனுக்கே நேரம் கிடைத்தது. அழுத்தம் சரிந்து, அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் ரத்தமும் தெரிந்திருந்தால் நேரே அறுவை அரங்குதான்.

சாய மருந்தை ஏற்றி இரண்டு முறை படம் எடுப்பார்கள்: சுமார் 30 வினாடியில் தமனிகளுக்கு, 70 வினாடியில் சிரைகளுக்கு. சூட்சுமம் இங்கேதான். முதல் படத்தில் மண்ணீரலுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டாவதில் அது சட்டையில் சிந்திய மைபோலப் பரவியிருந்தால், ரத்தம் அந்தக் கணத்திலும் கசிகிறது. பரவாமல் மற்ற ரத்தக் குழாய்களோடு சேர்ந்து மங்கினால், அது கிழிந்த தமனிச் சுவரில் உருவான பொய்ப் புடைப்பு. நாள் கழித்தும் வெடிக்கலாம். இரண்டையுமே மெல்லிய குழாய் வழியே உலோகச் சுருளை வைத்து அடைக்க முடியும். மண்ணீரல் தப்பிக்கும். அதை எடுத்துவிட்டால் சில கிருமிகளுக்கு எதிராகத் தடுப்பூசிகள் போட வேண்டியிருக்கும்.

வீடு திரும்பியபின் தலைசுற்றலோ இடது தோள் வலியோ வந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். எண்ணெய் போட்டு வயிற்றை உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும்.